ஊசியும் நாடியும்: சீன வைத்தியத்தில் அக்குபங்சரின் இடம்

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் பிரசங்கம் முடிந்து காபி வரும் நேரத்தில் தவறாமல் காதில் விழும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, பேரன் பேத்தி எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது. மற்றொன்று முழங்கால் வலி. சமீப காலமாக இரண்டாவது விஷயத்தோடு "அக்குபங்சர் பண்ணிக்கலாமா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. நான்கைந்து பேர் என்னிடமே கேட்டுவிட்டார்கள். செயலர், "தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே நாளில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்களேன்" என்றார். அதன் விளைவுதான் இந்த உரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய அரசில் 35 வருஷங்கள் கோப்பு பார்த்தவன். கல்லூரி எனக்குக் கொடுத்த பழக்கம், யாராவது எதையாவது சொன்னால் "எப்படி அளந்தார்கள்?" என்று கேட்பது. ஆபீஸ் கொடுத்த பழக்கம், "எந்தத் தேதியிட்ட காகிதம்?" என்று கேட்பது. இந்த இரண்டு கேள்விகளோடு அக்குபங்சரைப் பற்றி நான் படித்தவற்றைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

நம்மிடையே இதைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "ஐயாயிரம் வருஷப் பழமையானது, எல்லா வியாதியும் தீரும்" என்பது ஒரு கட்சி. "எல்லாம் மனப்பிராந்தி, ஊசி குத்தினால் வலி போகுமா?" என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் கோப்பைத் திறக்காமலேயே உத்தரவு எழுதுகிறார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

பெயரும் பொருளும்

அக்குபங்சர் என்பது சீனச் சொல் அல்ல. லத்தீனில் 'ஆகுஸ்' என்றால் ஊசி, 'புங்க்டூரா' என்றால் குத்துதல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக ஜப்பானில் வேலை பார்த்த வில்லெம் டென் ரைனே என்பவர் இந்த முறையைப் பார்த்துவிட்டு 1683ல் லத்தீனில் எழுதி வெளியிட்ட நூலின் மூலம் ஐரோப்பாவுக்கு வந்த பெயர் இது.

சீனர்கள் இதை 'ஜென்ஜியூ' என்கிறார்கள். ஜென் என்றால் ஊசி. ஜியூ என்றால் சூடு. அதாவது ஊசி குத்துவதும், ஒரு மூலிகையைக் கொளுத்தி அந்தச் சூட்டை உடம்பில் காட்டுவதும் சேர்ந்த ஒரே முறை. பெயர் மேற்கே போனபோது ஊசி மட்டும் நின்றது, சூடு விட்டுப்போயிற்று. அப்படிக் கொளுத்தும் மூலிகை ஆர்டிமீசியா என்ற தாவர இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்துச் செடி ஒன்று நம் அகங்களிலும் வருஷத்துக்கு ஒரு நாள் நுழைகிறது. விநாயக சதுர்த்தியன்று 21 பத்திரங்களால் பூஜை செய்கிறோமே, அதில் வரும் மாசிப்பத்திரம்தான் அது. இந்த ஆர்டிமீசியா இனத்தைப் பற்றிப் பிறகு மீண்டும் சொல்ல வேண்டி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீன வைத்தியத்தின் அடிப்படை

சீன வைத்தியம் என்றாலே ஊசி என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. அந்த வைத்தியத்துக்குப் பல அங்கங்கள் உண்டு: மூலிகைக் கஷாயங்கள், ஊசியும் சூடும், பிடித்துவிடுதல், பத்திய உணவு, மூச்சோடு சேர்ந்த உடற்பயிற்சி என்று. இவற்றில் பெரும்பாலான நூற்றாண்டுகளில் முதலிடம் வகித்தது மூலிகைதான். ஒரு சீன வைத்தியரிடம் போனால் நாடி பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒரு பொட்டலம் மருந்து கட்டிக் கொடுப்பார். வீட்டில் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். நம் நாட்டு வைத்தியரின் காட்சிதான்.

இந்த எல்லா அங்கங்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே சித்தாந்தம். உடம்பில் 'ச்சி' என்ற ஓர் உயிர்ச் சக்தி ஓடிக்கொண்டிருக்கிறது. நம்முடைய பிராணன் என்ற கருத்துக்குக் கிட்டத்தட்ட உறவு என்று சொல்லலாம். ஒன்றேதான் என்று சொல்லக்கூடாது. இந்த ச்சி ஓடுவதற்கு 12 முக்கியத் தடங்கள். தடம் தடைப்பட்டால் வலி. ஓட்டம் குறைந்தாலோ மிகுந்தாலோ வியாதி. தடத்தின் மேல் உள்ள குறிப்பிட்ட புள்ளிகளில் ஊசியைச் செலுத்தினால் ஓட்டம் சீராகும் என்பது கொள்கை. பழைய நூலில் இந்த 12 தடங்களைச் சீன தேசத்தின் 12 நதிகளோடும், புள்ளிகளை வருஷத்தின் 365 நாட்களோடும் ஒப்பிட்டிருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, வெள்ளத்தோடும் வறட்சியோடும் போராடிய ஒரு ஜனம், உடம்பையும் பாசன நிலமாகவே பார்த்தது என்று தோன்றுகிறது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள புள்ளிகள் 361.

அடுத்தது யின், யாங் என்ற இரட்டை. குளிர்ச்சி, நிழல், உள்ளடங்குதல் யின். உஷ்ணம், வெளிச்சம், வெளிப்படுதல் யாங். இரண்டும் சமமாக இருந்தால் ஆரோக்கியம். அதற்கு மேல் ஐந்து தத்துவங்கள்: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். உடனே நமக்குப் பஞ்சபூதம் ஞாபகம் வரும். கணக்குப் பார்த்தால் நெருப்பு, மண், நீர் மூன்றும் பொது. நம்முடைய காற்றும் ஆகாசமும் அங்கே இல்லை. அவர்களுடைய மரமும் உலோகமும் இங்கே இல்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் பூதங்கள், பொருள்கள் எதனால் ஆனவை என்று சொல்கின்றன. அவர்களுடைய ஐந்தும் மாறி மாறி வரும் கட்டங்கள், ருதுக்கள் மாதிரி. மரம் நெருப்பை வளர்க்கும், நெருப்பு சாம்பலாகி மண்ணாகும் என்று ஒரு சுற்று. ஈரல் மரத்துக்கு, இருதயம் நெருப்புக்கு, நுரையீரல் உலோகத்துக்கு, சிறுநீரகம் நீருக்கு என்று உறுப்புகளையும் பங்கிட்டிருக்கிறார்கள்.

நாடி பார்ப்பதிலும் ஓர் ஒற்றுமை. அவர்களும் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைக்கிறார்கள். நம் வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று மூன்றைப் பார்ப்பார். சீன வைத்தியர் இரு கைகளிலும், மேலாகவும் அழுத்தியும் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் ஓர் உறுப்பின் நிலையை அறிவதாகச் சொல்வார். ஆகவே தலைவலி என்று இரண்டு பேர் போனால் இருவருக்கும் ஒரே இடத்தில் ஊசி விழாது. ஒருவருக்கு 'ஈரலின் யாங் மேலே ஏறிவிட்டது' என்பார். மற்றவருக்கு 'ச்சி குறைவு' என்பார். இந்தச் சித்தாந்தத்தை எடுத்துவிட்டு ஊசியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவரைப் பாரம்பரியச் சீன வைத்தியர் என்று அவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஐயாயிரம் வருஷமா?

இப்போது தேதியிட்ட காகிதத்துக்கு வருவோம். 1973ல் சீனாவில் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168ல். அந்தச் சுவடிகளில் தடங்களைப் பற்றி இருக்கிறது. ஆனால் 12 இல்லை, 11 தான். சூடு காட்டும் சிகிச்சை இருக்கிறது. ஊசி குத்துவதைப் பற்றி ஒன்றும் இல்லை. மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற நூலில்தான் ஊசி வைத்தியம் விரிவாக வருகிறது. அது கி.மு. முதல் நூற்றாண்டையொட்டித் தொகுக்கப்பட்டது என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. ஆகவே சுமார் இரண்டாயிரம் வருஷம் என்று சொன்னால் பாதுகாப்பாக இருக்கும். இரண்டாயிரம் வருஷம் என்பது ஒன்றும் குறைந்த வயதில்லையே!

ஸோங் வம்சத்தில், 1027ஐ ஒட்டி, வாங் வெய்யி என்ற அரண்மனை வைத்தியர் ஆள் உயரத்துக்கு இரண்டு வெண்கல பொம்மைகளை வார்க்கச் செய்தார். உடம்பெங்கும் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் துளைகள். பரீட்சையின்போது பொம்மையின் மேல் மெழுகு பூசி, உள்ளே தண்ணீர் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் தண்ணீர் வெளியே வரும், தவறினால் வராது. பார்த்து எழுத வழியில்லாத பரீட்சை!

இறக்கமும் ஏற்றமும்

இவ்வளவு பெருமை பெற்ற ஊசி, சீனாவிலேயே ஒரு காலத்தில் தள்ளிவைக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1822ல் தாவோகுவாங் சக்கரவர்த்தி, அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சர் கற்பிப்பதை நிறுத்தும்படி உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு ஊசி பெரும்பாலும் கிராமத்து வைத்தியர்களின் கையில்தான் பிழைத்திருந்தது. 1929ல் தேசியவாத அரசின் சுகாதாரக் குழுவில், பழைய வைத்தியம் முழுவதையுமே ஒழித்துவிட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. நாட்டு வைத்தியர்கள் ஷாங்காயில் மார்ச் 17ந் தேதி ஒன்றுகூடிப் பெரிய எதிர்ப்புத் தெரிவித்த பிறகு அது அமலாகாமல் நின்றது.

அந்தச் சமயத்தில் செங் தான்-ஆன் என்ற ஒரு வைத்தியர் செய்த காரியம் முக்கியமானது. உடற்கூறு நூல்களைப் படித்து, ரத்தக்குழாய்களின் மேல் இருந்த புள்ளிகளை விலக்கி, நரம்புகளை ஒட்டிய இடங்களுக்கு மாற்றி வரைந்தார். தடித்த ஊசிகளுக்குப் பதில் மெல்லிய ஊசிகள், கிருமி நீக்கம் எல்லாம் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கும் தலைமுடி போன்ற ஊசி வைத்தியம் பெரிதும் 20ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தப்பட்ட உருவம்.

1949க்குப் பிறகு புதிய அரசுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். கோடிக்கணக்கான ஜனங்கள்; மேல்நாட்டு வைத்தியம் படித்த டாக்டர்களோ மிகச் சொற்பம். இருக்கும் நாட்டு வைத்தியர்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். 1956ல் பீக்கிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்து ஆகிய நான்கு நகரங்களில் பாரம்பரிய வைத்தியத்துக்குக் கல்லூரிகள் திறந்தார்கள். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த முறைகளை ஒரே பாடத்திட்டமாகத் தொகுத்தார்கள். 'பாரம்பரியச் சீன வைத்தியம்' என்று இன்று உலகம் அழைப்பது அந்தத் தொகுப்பைத்தான்.

உலகப் புகழ் வந்தது ஒரு குடல்வாலால்! 1971 ஜூலையில் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங் சென்றிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்து ஆபரேஷன் ஆயிற்று. 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் ஜூலை 26ந் தேதி அவர் அதைப் பற்றி எழுதினார். ஆபரேஷனே ஊசி குத்தி, மயக்க மருந்து இல்லாமல் நடந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. குடல்வாலை எடுத்தது கத்தி. மரத்துப்போகச் செய்தது வழக்கமான மருந்து. மறுநாள் இரவு வயிற்றில் வாயு சேர்ந்து அவர் அவஸ்தைப்பட்டபோதுதான் வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று ஊசிகள் போட்டு, மூலிகையைக் கொளுத்தி வயிற்றருகே காட்டினார்கள். சிறிது நேரத்தில் சுகம் தெரிந்தது என்று எழுதினார். மறு வருஷம் பிப்ரவரியில் ஜனாதிபதி நிக்ஸன் சீனா போனார். அமெரிக்காவில் ஊசி மோகம் பிடித்துக்கொண்டது.

இந்தச் சம்பவத்தை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எது கத்தியின் வேலை, எது மருந்தின் வேலை, எது ஊசியின் வேலை என்று அந்த ஆஸ்பத்திரி பிரித்து வைத்திருந்தது. இன்றைய என் உரையின் சாரமே அதுதான்.

நம் கல்கத்தாவின் பங்கு

அமெரிக்காவுக்கு 12 வருஷம் முன்பே இந்த வித்தை நம் ஊருக்கு வந்துவிட்டது என்பதில் கல்கத்தாவாசிகளான நாம் பெருமைப்படலாம். ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்தபோது, 1938ல் காங்கிரஸ் மகாசபை ஐந்து டாக்டர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அவர்களில் ஷோலாபூரைச் சேர்ந்த டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942ல் தம் 32ஆம் வயதில் காலமானார். 1946ல் சாந்தாராம் எடுத்த இந்திப் படம் பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும். அதே குழுவில் சென்றவர் வங்காளத்து டாக்டர் பிஜய் குமார் பாஸு. திரும்பி வந்த அவர், 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, 1959ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். அவர் மேல்நாட்டு வைத்தியம் முறையாகப் படித்த டாக்டர் என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்கு வங்க அரசு 1996ல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003ல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, 2019ல் தனி முறையாக அங்கீகாரம் அளித்தது.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

இப்போது "எப்படி அளந்தார்கள்?" என்ற கேள்வி. உடம்பை அறுத்துப் பார்த்ததில் ச்சி ஓடும் தடம் என்று தனியாக ஒரு குழாயோ நாளமோ கிடைக்கவில்லை. ஆனால் ஊசி குத்தினால் உடம்பில் ஒன்றும் நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. 1975ல், நம் மூளையே அபினைப் போன்ற வலிநிவாரணிப் பொருள்களைச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு பரிசோதனை. ஊசி குத்தி வலியைக் குறைத்தார்கள். பிறகு அபினின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். குறைந்த வலி திரும்பி வந்தது! ஊசி, உடம்பின் சொந்த அபினைத் தூண்டுகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. 2010ல் எலிகளில் செய்த ஆராய்ச்சியில், ஊசியைத் திருகும் இடத்திலேயே அடினோஸின் என்ற பொருள் சேர்ந்து வலியைக் குறைப்பதாகக் கண்டார்கள்.

அடுத்த கேள்வி: அந்தக் குறிப்பிட்ட புள்ளியில் குத்தினால்தான் பலனா, எங்கே குத்தினாலும் பலனா? இதை அறியப் பொய் ஊசி என்று ஒன்றைத் தயாரித்தார்கள். நாடகத்தில் கத்தி குத்துவார்களே, முனை கைப்பிடிக்குள் போய்விடுமே, அது மாதிரி. நோயாளிக்குக் குத்தியது போலவே இருக்கும். ஜெர்மனியில் 1162 முதுகுவலிக்காரர்களை மூன்றாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்து, 2007ல் முடிவு வெளியாயிற்று. அங்கே பொய் சிகிச்சை என்பது, புள்ளி அல்லாத இடத்தில் மேலாகக் குத்துவது. ஆறு மாதம் கழித்து, முறையான ஊசியில் குணம் தெரிந்தவர்கள் 47.6 சதவீதம், பொய் ஊசியில் 44.2 சதவீதம், மாத்திரை, உடற்பயிற்சி என்ற வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்தால் இரு கட்சிக்காரர்களுக்கும் சங்கடம். ஊசி வழக்கமான சிகிச்சையை நன்றாகவே ஜெயித்துவிட்டது. ஆனால் புள்ளி சாஸ்திரம் பொய் ஊசியை ஏறக்குறைய ஜெயிக்கவில்லை.

2012ல் சுமார் 18,000 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய கணக்குப் போட்டார்கள். அதை எளிமையாக இப்படிச் சொன்னார்கள். வலிக்கு 100க்கு மார்க் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் வலி 60. ஊசி இல்லாதவர்களுக்குக் கடைசியில் 43. பொய் ஊசி பெற்றவர்களுக்கு 35. உண்மை ஊசி பெற்றவர்களுக்கு 30.

அக்கவுண்ட்ஸ் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். ஹெட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். மொத்த லாபம் 30. அதில் 17, காலம் போனதாலும் வழக்கமான மருந்தாலும் வந்தது. 8, யாரோ ஒருவர் அரைமணி நேரம் பக்கத்தில் இருந்து, விசாரித்து, தொட்டு, ஏதோ செய்தார் என்பதால் வந்தது. மீதி 5 தான் ஊசியும் புள்ளியும் சம்பாதித்தது. வைத்தியர் 30ஐயும் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார். சந்தேகப்படுகிறவர் 5ஐக்கூடத் தள்ளுபடி செய்கிறார். இரண்டுமே ஆடிட்டில் நிற்காது.

முழங்காலுக்கு வருவோம். அமெரிக்க மூட்டு வைத்தியர் சங்கம் 2019ல், முழங்கால் தேய்மானத்துக்கு அக்குபங்சரை ஒரு நிபந்தனையோடு சிபாரிசு செய்தது. பிரிட்டனின் 'நைஸ்' என்ற அரசு அமைப்பு 2022ல், மூட்டுத் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. அதே அமைப்பு 2021ல், வேறு காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. ஏறக்குறைய ஒரே ஆதாரங்களைப் படித்து இரண்டு விதமான தீர்ப்பு. அந்த 5 மார்க் செலவுக்குத் தகுமா தகாதா என்பதில்தான் வித்தியாசம். ஆபரேஷனுக்குப் பின் வரும் குமட்டலுக்கு, மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரற்கடை மேலே இரு நரம்புக் கயிறுகளுக்கு நடுவே உள்ள ஒரு புள்ளியைத் தூண்டுவது பலன் தருகிறது என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு.

ஆர்டிமீசியாவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற சீன அறிஞர், அந்த இனத்துச் செடி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடித்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல் தீரும் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த தூ யூயூ என்ற அம்மையார், 'கொதிக்க வைக்கச் சொல்லவில்லையே' என்று கவனித்து, குறைந்த உஷ்ணத்தில் சாறெடுத்து, 1970களின் தொடக்கத்தில் மலேரியா மருந்தைக் கண்டார். 2015ல் நோபல் பரிசு. பழைய நூல் வழி காட்டியது. சோதனைச் சாலை அதைச் சரிபார்த்தது. பாரம்பரியத்துக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அப்படிச் சரிபார்ப்பதுதான்.

கண்ட இரண்டு அனுபவங்கள்

என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம். எலும்பு டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முறையாகப் படித்த ஒருவரிடம் பத்து ஸிட்டிங் அக்குபங்சர் செய்துகொண்டாள். நான் வழக்கம்போல் ஒரு நோட்டுப் புஸ்தகம் போட்டு, தினமும் காலையில் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு எழுதினேன். ("வலிக்கு மார்க் போடச் சொல்லும் மனுஷரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்றாள்.) ஏழில் ஆரம்பித்து நான்கில் வந்து நின்றது. மூன்று மாதம் கழித்து ஐந்து. எக்ஸ்-ரேயில் ஒரு மாறுதலும் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறி ஸ்வாமி அறைக்குப் போக முடிந்தது. அந்த மூன்று மார்க்கில் புள்ளியின் பங்கு எவ்வளவு, அந்த வைத்தியரின் பொறுமையின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. அவளுக்கு அது தேவையும் இல்லை.

இரண்டாவது அனுபவம் வேறு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர். இருபது வருஷமாகச் சர்க்கரை. தோள்வலிக்காக ஊசி வைத்தியம் செய்யும் ஒருவரிடம் போனார். வலி குறைந்தது, நம்பிக்கை வந்தது. அந்த மனிதர், "மாத்திரையெல்லாம் விஷம், நிறுத்திவிடுங்கள், ஊசியிலேயே கணையத்தை வேலை செய்ய வைக்கிறேன்" என்றார். நண்பர் நிறுத்திவிட்டார். நான்கு மாதத்தில் காலில் ஒரு புண், அது ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. நல்ல சங்கீத ரசிகர். சீஸன் தவறாமல் சென்னை போய்வருவார். இப்போது வீட்டு வாசல்வரைதான் நடக்கிறார்.

என்ன நடந்தது என்று யோசியுங்கள். தோள்வலியில் ஊசி சம்பாதித்த நல்ல பெயரை, சர்க்கரை என்ற வேறு கணக்குக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். வலி என்பது மூளை உணர்வது. தைரியமும் தொடுகையும் அதைக் குறைக்கும். ரத்தத்தில் சர்க்கரை அப்படியில்லை. நமக்குத் தெரியாமலேயே ஏறிக்கொண்டிருக்கும். சீனாவிலேயே பாரம்பரிய வைத்திய ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்-ரேயும் மேல்நாட்டு மருந்தும் கூடவே இருக்கின்றன. சீனர்களே விடாததை நாம் ஏன் விட வேண்டும்?

நாம் செய்யக்கூடியவை

முடிவாகச் சில யோசனைகள்.

1. முதலில் வியாதி என்ன என்று டாக்டரிடம் தெரிந்துகொண்டு பிறகு ஊசிக்குப் போங்கள். நெஞ்சுவலி, திடீர்ப் பலவீனம், காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவற்றுக்கு ஊசியைத் தேடி ஒரு நாளைக்கூட வீணாக்க வேண்டாம்.

2. நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, முழங்கால் வலி, அடிக்கடி வரும் தலைவலி ஆகியவற்றுக்கு முயன்று பார்க்கலாம். ஆறு முதல் பத்து ஸிட்டிங்கில் தெரியாத பலன் பிறகும் தெரியப்போவதில்லை என்று வைத்துக்கொண்டு நிறுத்திவிடலாம். நோட்டில் எழுதி வையுங்கள்; ஞாபகம் ஏமாற்றும்.

3. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியா என்று பாருங்கள். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மஞ்சள் காமாலைக் கிருமி கூச்சப்படுவதில்லை.

4. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர்காரர்கள் மின்சாரம் கொடுக்கும் ஊசியைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள் மரத்துப்போன காலில் சூடு காட்டிக்கொள்ளவே கூடாது.

5. பி.பி., சர்க்கரை, தைராய்டு, இருதய மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் எவ்வளவு பவ்யமாகப் பேசினாலும், ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசிக்கு அந்த 5 மார்க்கைத் தாராளமாகக் கொடுப்போம். அக்கறையோடு கேட்கும் காதுக்கு 8 மார்க் இருக்கிறது என்று கணக்கு சொல்கிறது. அதற்கு ஊசியோ படிப்போ வேண்டாம்; நாமே கொடுக்கலாம். நம் சங்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். வாரம் ஒரு நாள் யார் வீட்டுக்காவது போய் அரைமணி உட்கார்ந்து, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வரலாம். செயலர் ஒரு பட்டியல் போட்டால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளட்டும்.